இம்மாகுலேற் தெரிந்தெடுத்த விருந்து

கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கிலும் இல்ஃபோர்டிலும் இம்மாகுலேற்றைத் தெரிந்த தமிழர்கள் நிறையப் பேர். தெரிந்த அத்தனை பேருக்கும் அவளைப் பற்றி ஒரு விசயம் கட்டாயம் தெரிந்திருக்கும். கத்தோலிக்கப் பெண், சைவக்காரரை விரும்பிக் கட்டினாள், அவருக்காகப் பன்றி இறைச்சியை விட்டாள், முப்பது வருடமாக வாயில் வைத்ததில்லை. இதைக் கேட்பவர்கள் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதை இருக்கும். இதில் வாயில் வைத்ததில்லை என்பது உண்மை. விட்டாள் என்பது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் அவள் இல்லை. சொன்னவருக்கோ அது பொய் என்று தெரியாது.

மகள் ஜதுர்ஷிகா ஹவாய்க்கு டிக்கெட் எடுக்காமல் இருந்திருந்தால் இந்தச் சங்கதி இன்னும் முப்பது வருடம் இப்படியே கிடந்திருக்கும்.

ஜதுர்ஷிகாவுக்கு இருபத்தெட்டு வயது. இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். தாய் தகப்பனின் முப்பதாவது கலியாண நாள் செப்டெம்பரில் வருகிறது என்று சொல்லி ஓவாஹு தீவுக்குப் பத்து நாள் பயணம் ஒழுங்கு பண்ணிவிட்டாள். பிளேன், ஹோட்டல், கார் எல்லாம் அவளே பார்த்தாள். ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டுவைத்தாள்.

"அம்மா, லூவாவ் மட்டும் நீங்கள் சூஸ் பண்ணுங்கோ. அப்பா இல்லை. நீங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லோணும், சீற் முடிஞ்சிடும்."

லூவாவ் என்பது ஹவாய்க்குப் போகிறவர்கள் தவறவிடாத மாலை விருந்து. பொழுதுபடத் தொடங்கும். கழுத்தில் பூமாலை போடுவார்கள், ஹூலா ஆடுவார்கள், ஒருவர் இரண்டு பக்கமும் நெருப்பு எரியும் கத்தியைச் சுழற்றுவார். இந்த ஆட்டம் பாட்டெல்லாம் ஒரு பக்கம் இருக்க, விருந்தின் ராசா முழுப் பன்றிதான். அதிகாலையிலேயே குழி வெட்டி, கல்லைச் சுட்டு, இலை பரப்பி, பன்றியைப் புதைத்து மூடிவிடுவார்கள். பின்னேரம் மண்ணைக் கிளறி எடுத்தால் கை பட்டவுடனே இறைச்சி நார் நாராகக் கழன்று வருமாம்.

மகள் "அப்பா இல்லை" என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீஸ்கந்தராஜா போன வருடம்தான் ஓய்வு பெற்றார். இருபத்தாறு வருடம் கவுன்சிலில் பார்க்கிங் பெர்மிட் பிரிவில் இருந்தவர். படிவம் என்றால் அவருக்கு உயிர். ஒரு மின்சாரக் கேத்தில் வாங்குவதென்றாலும் நாலு கம்பனிக்குப் போன் எடுத்து, வயர் எத்தனை அடி நீளம் என்று கேட்டு எழுதிவைப்பார். கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். குரல் உயர்த்தத் தெரியாது. இம்மாகுலேற்றுக்குக் கால் உளைந்தால் கேட்காமலே எண்ணெய் தேய்த்துவிடுவார். வீட்டில் முருகனும் மாதாவும் ஒரே சுவர்த்தட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர் சேர்ச் ரோட்டிலுள்ள கோயிலுக்கு நடந்து போவார், ஞாயிறு பூசைக்கு அவளைக் காரில் கொண்டுபோய் இறக்குவார். மச்சம் சமைக்க ஒரு சட்டி, மரக்கறிக்கு ஒரு சட்டி என்பதைக் கூட அவரே கழுவித் துடைத்து வெவ்வேறாக அடுக்குவார். இவ்வளவு நல்ல மனிதரோடு எங்கே போய்ச் சண்டை பிடிப்பது?

"நான் சூஸ் பண்ணேல்லை. விபரம்தான் எடுக்கிறன்," என்று சொல்லிக்கொண்டு அவர் புதன்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தார். மூன்று லூவாவ், ஏழு கட்டம், பத்துக்கு இத்தனை என்று புள்ளி.

முதலாவது ஒரு பெரிய ஹோட்டலில். மேசைக்கே கொண்டுவந்து பரிமாறுவார்கள், மரக்கறிக்குத் தனி மெனு உண்டு, பன்றிக் குழி கிடையாது. ஒன்பது புள்ளி. இரண்டாவதில் தொள்ளாயிரம் பேர், பஸ்ஸில் ஏற்றிப் போவார்கள், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஐந்து புள்ளி. மூன்றாவது, தீவின் வடக்குக் கரையில் ஒரு குடும்பம் தங்கள் தோட்டத்திலேயே நடத்துவது. அறுபது பேருக்குத்தான் இடம், உட்கார நீட்டு வாங்கு, எல்லாரையும் குழியைச் சுற்றி நிறுத்திவைத்து அவர்கள் முன்னாலேயே பன்றியை எடுத்துப் பகிர்வார்கள். அந்தக் கட்டத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா "பண்டி: நட்டநடுவில்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். இரண்டு புள்ளி.

"மூண்டாவதை நீர் பாக்கவே தேவையில்லை, இம்மா. அந்த மணமே உமக்கு ஒத்துக்கொள்ளாது," என்றார் அவர் அன்பாக.

அவளுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும் போலிருந்தது. இம்மாகுலேற் தாளை மடித்துவைத்தாள்.

இந்தக் கதை தொடங்கிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, கலியாணம் முடிந்து மூன்று மாதம், மார்கழி நடுப்பகுதி, கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு இன்னும் பத்து நாள். ஸ்ரீஸ்கந்தராஜாவின் ஒன்றுவிட்ட தமையன் பாஸ்கரன் இல்ஃபோர்டில் புது வீடு வாங்கி எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். இம்மாகுலேற்றுக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த முகம் புருசனுடையது மட்டும். ஸ்ரீஸ்கந்தராஜாவின் பக்கத்தில் அவளை வெளிப்படையாக வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. வாருங்கள் என்று வாய்நிறையச் சொன்னவரும் இல்லை. பாஸ்கரனின் மனைவி சுவர்ணா குசினிக்குள் இருந்தபடியே கேட்டாள்:

"தங்கச்சி வேதக்காரப் பிள்ளை எல்லே. நத்தாருக்குப் பண்டிக்கறி இல்லாமல் என்னெண்டு? எங்கட வீட்டில அது ஏலாது."

கேட்ட விதத்தில் ஒரு சின்ன முள் இருந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா அதைப் பிடுங்கி எறிய நினைத்தார். நல்ல எண்ணம்தான்.

"அவ எனக்காக அதை விட்டிட்டா, மச்சாள்."

கையில் தட்டோடு நின்ற இம்மாகுலேற், தான் பன்றி இறைச்சியை விட்ட செய்தியை அப்போதுதான் முதல்தடவையாகக் கேள்விப்பட்டாள்.

அந்த நிமிடம் அவர்களுடைய வாடகை அறையின் பிரீசருக்குள், கடைக்காரன் சுற்றிக் கொடுத்த தாளோடு, ஒரு கிலோ பன்றி இறைச்சி இருந்தது. நத்தாருக்கென்று அவள் வாங்கி வைத்தது. வினாகிரி, மிளகு, கறுவா எல்லாம் வாங்கியாகிவிட்டது. அவரும் தின்ன வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அவருக்குக் கோழி, தனக்குப் பன்றி, ஒரே மேசை, அவ்வளவுதான் கணக்கு.

உடனே "நான் எங்கே விட்டேன்" என்று சிரித்துச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த வசனத்தோடு கூடத்தின் முகமே மாறிவிட்டது. சுவர்ணா கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவளை இருத்தினாள். பாஸ்கரன், "உனக்குக் கிடைச்ச பிள்ளை ஆயிரத்தில ஒண்டடா தம்பி," என்றார். தகப்பன் தாய் யாருமில்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு அந்த வார்த்தை தேனாக இறங்கியது. ஆகவே அவளிலும் பிழை இருக்கிறது, மறைத்துப் பிரயோசனமில்லை. அடுத்த நாள் காலை அவர் எழும்புமுன் அந்த ஒரு கிலோவையும் எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அந்தக் கதை தானாக நடக்கத் தொடங்கியது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, வீடு குடிபூரல், எங்கே போனாலும் ஸ்ரீஸ்கந்தராஜா அதைச் சொல்வார். "எனக்காக விட்டவ" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், குரல் கொஞ்சம் தழுதழுக்கும். இருபதாவது கலியாண நாளில் மைக் பிடித்துச் சொன்னார், ஆட்கள் கை தட்டினார்கள். விடு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள், அவள் ஒன்றும் வாயில்லாத பூச்சி இல்லை. தன்னைப் புகழ்கிற மனிதரை எப்படி எதிர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

சொந்தத் தங்கை றஜீனா வீட்டிலும் இதே பாடுதான். சவுத்தாலில் இருக்கும் றஜீனா நத்தாருக்கு ஊரே மணக்கப் பன்றிக்கறி வைப்பாள். இம்மாகுலேற் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சட்டி மேசையின் மறுகோடிக்கு நகரும். அவளுக்கென்று கோழி தனியாக வரும். "பெரியம்மாவுக்குப் பக்கத்தில வையாதேங்கோ, அவ விட்டவ," என்று றஜீனாவின் பிள்ளைகள் கூடச் சொல்லும். கத்தோலிக்க வீட்டில், நத்தார் அன்று, கூடப்பிறந்தவள் மேசையில் அவள் கோழிக்கால் கடித்துக்கொண்டிருப்பாள்.

களவாகத் தின்னச் சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. பத்தொன்பது வருடமாக ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். கிழமைக்கு ஒருநாள் பன்றிச் சொசேஜ். இடுக்கியால் பிடித்துப் பிடித்துப் பிள்ளைகளின் தட்டில் வைப்பாள். ஒருமுறை மிஞ்சிய ஒன்றைத் துடைப்புத் தாளில் சுற்றிக்கொண்டு ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மா மூட்டைகளுக்கு நடுவில், ஏப்ரனோடு, ஐம்பது வயதுப் பெண் சொசேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நினைக்க அவளுக்கே வெட்கமாகிவிட்டது. சாப்பிடவில்லை. திரும்பி வந்து குப்பையில் போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தன் ஆசை என்னவென்று சரியாகப் பிடிபட்டது. ஒளித்துத் தின்ன அவளுக்கு ஆசையில்லை. புருசன் பக்கத்தில் இருக்க, அவர் பார்க்க, ஒரு வாய் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அவர் அப்படியே பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை அவர் கோயில் கூட்டத்துக்குப் போன பிறகு மடித்துவைத்த தாளை விரித்து, மூன்றாவது லூவாவின் பெயரைப் பார்த்து ஐபாட்டில் தேடினாள். ஒரு சின்ன வீடியோ வந்தது. இரண்டு ஆண்கள் மண்ணை விலக்கி, கருகிய வாழையிலைகளை ஒவ்வொன்றாக உரித்தார்கள். ஆவி எழும்பியது. அவள் வயதிருக்கும் ஒரு தடித்த பெண், பூப்போட்ட சட்டையோடு, இரண்டு கையாலும் இறைச்சியைப் பிய்த்து நிற்கிறவர்களின் தட்டில் வைத்தாள். கூடவே சேம்பங்கிழங்கை மசித்து ஊதா நிறத்தில் ஒரு களி. இம்மாகுலேற் அதை நாலு தரம் பார்த்தாள். அவளுக்கு வாயூறியது. உடனே கண்ணும் கலங்கியது. ஒரு பன்றிக்காக யாராவது அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஐபாட்டை மூடினாள்.

மூன்றாவதைத் தெரிந்தெடுக்கிறேன் என்று சொல்வது ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவருடைய முப்பது வருடப் பெருமை பொலபொலவென்று விழும். அவர் கோபப்பட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் முகம் சுருங்கிப் போவதைப் பார்க்க வேண்டிவருமே, அதற்குத்தான் பயந்தாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஸ்ரீஸ்கந்தராஜா முதலாவது ஹோட்டலுக்குப் போன் எடுத்தார். லண்டனில் பின்னேரம் ஏழென்றால் அங்கே காலை எட்டு, அதையும் தாளில் குறித்து வைத்திருந்தார். இம்மாகுலேற் குசினியில் பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள். மனிதர் தன் கவுன்சில் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, இரண்டு பேருக்கும் பன்றி வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்துப் பெண் காரணம் கேட்டிருக்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுக் கதையையும் சொல்லத் தொடங்கினார். பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் ஒரு ஹோட்டல் வரைக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் கடுகு கருகும்வரை அப்படியே நின்றாள்.

சனிக்கிழமை எலிசபெத் லைன் ரெயினில் ஏறி றஜீனாவிடம் போனாள். யாரிடமாவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

"றஜீனா, நான் பண்டியை விடேல்லை," என்றாள், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "அவர் தானாச் சொன்னது. நான் பேசாமல் இருந்திட்டன்."

றஜீனா முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"என்ன அக்கா இது? உன்னைக் காட்டித்தான் நான் என்ர பிள்ளையளுக்குச் சொல்லுறனான். கலியாணம் எண்டால் பெரியம்மா மாதிரி விட்டுக்குடுக்கோணும் எண்டு. இப்ப வந்து இப்பிடிச் சொன்னால்?"

"நான் விட்டுக்குடுத்தால்தானே விட்டுக்குடுத்தது. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"முப்பது வருசம் போட்டுது. இன்னும் என்ன? ஒரு இறைச்சித் துண்டுக்காக மனுசனைக் கவலைப்படுத்தப் போறியே? பேசாமல் விடு, அக்கா."

றஜீனா அவளுக்கு மீன் பணிஸ் கட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும் ரெயினில் இம்மாகுலேற் ஹோட்டலையே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். ஒன்பது புள்ளி, மேசைக்கே சாப்பாடு, ஒருவருக்கும் மனக்கவலை இல்லை. முடிவெடுத்ததும் மனம் லேசாக வேண்டும். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஜதுர்ஷிகா மடிக்கணினியோடு வந்தாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா தாளை விரித்து நாலு பக்கமும் கோப்பை வைத்து அமுக்கினார்.

"அம்மா, சொல்லுங்கோ. எது?"

இம்மாகுலேற் வாயைத் திறக்குமுன் ஸ்ரீஸ்கந்தராஜா கையை உயர்த்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொறு பிள்ளை. முதலில என்ர ஈமெயிலைப் பார். ஹோட்டலில இருந்து வந்திருக்கு. அம்மாவுக்குச் சொல்லேல்லை, சர்ப்பிறைஸ்."

ஜதுர்ஷிகா திறந்து வாசித்தாள், தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். திரு திருமதி ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு முன்வரிசை ஆசனம் ஒதுக்கப்பட்டுள்ளது. கேட்டபடி இருவருக்கும் பன்றி பரிமாறப்படாது. தங்கள் கதையைக் கேட்டு அலுவலகத்தில் எல்லாருக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஆகவே அன்றிரவு நிகழ்ச்சி நடத்துபவர் இருவரையும் மேடைக்கு அழைத்து, மனைவி கணவருக்காகச் செய்த தியாகத்தைச் சபைக்குச் சொல்லி, மாலை போட்டுக் கௌரவிப்பார்.

"நானூறு பேர் இருப்பினமாம், இம்மா," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "நானூறு பேருக்கு முன்னால உம்மைக் கூப்பிடப் போகினம்."

அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில் நீர் துளிர்த்திருந்தது. பாவம், உலகத்திலேயே பெரிய பரிசைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்ட நினைப்பு அவருக்கு.

ஒன்பது புள்ளியைச் சொல்ல வந்த இம்மாகுலேற்றின் வாய், வேறொன்றைச் சொன்னது.

"எனக்கு மூண்டாவது."

"எது மூண்டாவது?" ஸ்ரீஸ்கந்தராஜா தாளைக் குனிந்து பார்த்தார். "அதில பண்டி எல்லே, இம்மா. நட்டநடுவில."

"ஓம். அதுக்குத்தான்."

ஜதுர்ஷிகா கணினியிலிருந்து தலையை எடுத்தாள்.

"நான் பண்டியை விடேல்லை," என்றாள் இம்மாகுலேற். "பாஸ்கரண்ணை வீட்டில நீங்கள்தான் சொன்னியள், விட்டிட்டா எண்டு. அண்டைக்கு எங்கட பிரீசருக்குள்ள ஒரு கிலோ கிடந்தது. நத்தாருக்குச் சமைக்க வாங்கினது. நீங்கள் சொன்னாப் பிறகு விடிய எழும்பிக் கொண்டுபோய் எறிஞ்சனான்."

ஸ்ரீஸ்கந்தராஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுருங்கியது. அவள் பயந்தபடியேதான் சுருங்கியது.

"அப்ப நான் முப்பது வருசமாப் பொய் சொல்லித் திரிஞ்சனானோ?"

"பொய் இல்லை. என்னைக் கேக்காமல் சொன்னது."

"நீர் ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் அதைச் சொல்லேக்க உங்கட முகம் இருக்கிற விதம் எனக்கு விருப்பம்," என்றாள் அவள். "முதல் நாள் எனக்கும் நல்லாத்தான் இருந்தது. எல்லாரும் என்னை மதிச்சவை. பிறகு அதில இருந்து வெளிய வர ஏலாமல் போட்டுது. இப்ப ஹவாயிலயும் மேடையில ஏத்தி அதையே சொன்னால் என்னால தாங்கேலாது. நீங்கள் சாப்பிட வேண்டாம். நான் சாப்பிடேக்க பக்கத்தில இருந்தால் போதும். இருப்பியளோ இல்லையோ எண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

ஸ்ரீஸ்கந்தராஜா எழும்பி, குசினிக் கதவைத் திறந்து, பின்வளவுக்குப் போனார். கண்ணாடிக்குள்ளால் அவரது முதுகு தெரிந்தது. மறுசுழற்சித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மழை தூறியது, அவர் உள்ளே வரவில்லை.

"அம்மா, நான் போய்க் கதைக்கட்டோ?"

"வேண்டாம். விடு."

இம்மாகுலேற் மேசையில் இருந்தபடியே அந்த முதுகைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவர் அவளிடமிருந்து எழும்பிப் போனது இதுதான் முதல்தடவை. றஜீனா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்துவிட்டு, இல்லை, கேட்டிருக்கக் கூடாது என்றும் நினைத்தாள். சொன்னதற்காக அவளுக்குத் துக்கமாக இருந்தது. திரும்பவும் சொல்லாத இடத்துக்குப் போக முடியுமென்றால் போக மாட்டாள்.

கால் மணித்தியாலம் கழித்துத்தான் அவர் உள்ளே வந்தார். தலை நனைந்திருந்தது. துவாயை எடுத்துத் துடைத்தார்.

"பாஸ்கரண்ணையாக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"அவைக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"அதுகும் சரிதான்." அவர் கதிரையில் இருக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு பத்து. தாளில் மூன்றாவது கட்டத்தில் எழுதியிருந்த நம்பரை விரலால் தேடி, கண்ணாடியைப் போட்டு, போனை எடுத்து அழுத்தினார்.

அங்கே ஒரு ஆண்குரல் எடுத்தது. ஸ்ரீஸ்கந்தராஜா நேராக நிமிர்ந்து நின்றுகொண்டு தன் பெயரைச் சொன்னார், செப்டெம்பர் திகதியைச் சொன்னார், இரண்டு பேர் என்றார். தனக்குக் கோழியும் மரக்கறியும் போதும் என்றார்.

"என் மனைவி பன்றி சாப்பிடுவா," என்றார் ஆங்கிலத்தில். "நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. மனைவிக்கு இப்படிச் சாப்பிடுவது முதல்தடவையா என்று கேட்கிறார்கள் போல. ஸ்ரீஸ்கந்தராஜா பழக்கதோசத்தில் வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். போனை நெஞ்சோடு பொத்தியபடி இம்மாகுலேற்றைப் பார்த்தார்.

"உம்மட்டைத்தான் கேக்கினம்," என்று போனை நீட்டினார். "நீரே சொல்லும்."

இம்மாகுலேற் வாங்கினாள். முதல்தடவை இல்லை என்றாள். இளமையில் நன்றாகச் சமைப்பேன் என்றாள். அந்தப் பக்கத்து மனிதர் எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டுவிட்டார், அவள் வினாகிரியையும் மிளகையும் சொல்லத் தொடங்கி, மறந்துவிட்டேனோ என்று பயந்து, ஒன்றையும் மறக்கவில்லை என்று கண்டு சிரித்தாள். மூன்று நிமிடம் கதைத்தாள். அவ்வளவு நேரமும் ஸ்ரீஸ்கந்தராஜா பக்கத்தில் நின்று, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"இம்மா," என்றார் மெதுவாக. "வேற என்னென்ன நான் உம்மைக் கேக்காமல் சொல்லி வைச்சிருக்கிறன்?"

ஒன்றுமில்லை என்ற சொல் அவள் நுனிநாக்கில் வந்து நின்றது. முப்பது வருடமாகத் தயாராக இருக்கும் சொல் அது. அவள் அதை விழுங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் பெருமை ஒன்றும் இல்லை, கேட்டதற்குப் பதில் வேண்டும் என்கிற முகமாக இருந்தது. அவளுக்கு அவரில் என்றுமில்லாத அன்பு வந்தது.

"ஜது, நீ வெளிக்கிடு பிள்ளை," என்றாள் மகளைப் பார்த்து. "எனக்கும் அப்பாவுக்கும் கனக்கக் கதைக்கக் கிடக்கு."

ஜதுர்ஷிகா கோட்டைப் போட்டுக்கொண்டு கணினியைப் பைக்குள் வைத்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா தன் கதிரையை இம்மாகுலேற்றின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.